மனிதரால் பரிசீலிக்கப்பட்டது

ஏனுங்க தம்பி, அந்தப் பைய சித்த மடியில வச்சுக்கறீங்களா? உக்காந்துக்கறேன். கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான். லேபர் ஆபீசுக்கு. பதினொரு மணிக்கு மனுவோட வரச் சொல்லியிருக்காங்க. இந்த பஸ்காரன் அவிநாசியில வண்டியப் போட்டுட்டு டீக்கடைக்குப் போகாம இருந்தான்னா போயிறலாம்.

தம்பி என்ன சோலிங்க? புஸ்தகக் கம்பெனியா? ஓ, அச்சுக்குப் போறதுக்கு முன்னால பிழை பாக்கறதா. ஒவ்வொரு எழுத்தாவா? மொத்தத்தையும் படிக்கோணுமா? அட பாவமே. படிச்சுப்போட்டுத்தான் கையெழுத்தே போடுவீங்களாக்கும். தப்பா நெனைக்காதீங்க, எங்க லைன்ல இதைச் சொன்னா சிரிப்பாங்க.

எங்க லைனுன்னா கம்ப்ளையன்ஸுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி. வெளிநாட்டுக்காரன் ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னால ஆடிட்டரை அனுப்புவான் பாருங்க, கக்கூஸ் சுத்தமா இருக்குதா, குடிக்கத் தண்ணி இருக்குதா, தீப்புடிச்சா ஓடறதுக்கு வழி இருக்குதான்னு. ஆடிட்டர் வர்றப்ப இதெல்லாம் இருக்கற மாதிரி பாத்துக்கறதுதான் என்ற வேலை. இருக்கோணும்னு சொல்லலைங்க. இருக்கற மாதிரி. பதினாலு வருசம் பாத்தேன். ஒரு ஆடிட்டுல கூட ஃபெயிலானதில்ல. நாச்சிமுத்து இருக்கான், வுடுங்கன்னு மொதலாளி தூங்கப் போயிருவாரு.

கக்கூஸ் கதவுல ஒரு தாளு தொங்கும், பாத்திருக்கீங்களா? மணிக்கொருக்கா கழுவுனதுக்குக் கையெழுத்து. எங்க கம்பெனியில அந்தத் தாளுல திங்கக்கெழம காலையிலயே சனிக்கெழம சாயங்காலம் வரைக்கும் கையெழுத்து இருக்கும். நாஞ் செஞ்ச ஏற்பாடு. மணிக்கொருக்கா கையெழுத்துப் போட ஓடிட்டிருந்தா அப்புறம் எப்பங்க கழுவறது? நேரத்த மிச்சம் பண்றது அது. ஏமாத்தறதுன்னு சொல்லப்படாது. கழுவுனாங்களான்னு கேக்கறீங்களா? அது ஹவுஸ் கீப்பிங் வேலைங்க, என்னைக் கேட்டா எப்பிடி?

இப்ப எனக்கு நடந்த அக்குருமத்தக் கேளுங்க.

பங்குனி மாசம் மொதலாளியோட மாப்பிள்ளை, சஞ்சீவுன்னு பேரு, எங்கியோ ஒரு கண்காட்சிக்குப் போயிட்டு ஏ.ஐ. வாங்கிட்டு வந்துட்டாரு. பொண்டாட்டிக்குப் பொடவ வாங்கிட்டு வர்ற மாதிரி. லைனுக்கு லைன் கேமரா. எந்தக் கை எத்தன நேரம் ஓடுது, எத்தன நேரம் நிக்குதுன்னு அது எண்ணும். எண்ணி, சனிக்கெழம மத்தியானம் ஒரு லிஸ்ட்டு போடும். இவியளுக்கு எச்சரிக்கை குடுங்க, இவியளத் தாட்டிருங்கன்னு. தாட்டறதுன்னா வேலைய விட்டு அனுப்பறது. டைலருக எல்லாம் அதுக்குக் கேமரா மேஸ்திரின்னு பேரு வச்சுட்டாங்க. நெசமான மேஸ்திரியாவது டீக்குடிக்கப் போவான், இது அதுக்குக் கூடப் போகாதேன்னு ஒரே சிரிப்பு. ரெண்டு வாரம்தான் அந்தச் சிரிப்பு.

வைகாசியில, ஆர்டர் குடுக்கற அந்த வெளிநாட்டுக்காரன்கிட்ட இருந்து ஒரு கடுதாசி. நீங்க ஏ.ஐ. வச்சிருக்கறதாக் கேள்விப்பட்டோம். சந்தோசம். அத ஒழுங்கா நடத்தறதுக்கு ஒரு கொள்கை இருக்கோணும், ஒரு கமிட்டி இருக்கோணும். ஒரு ஆளப் பத்தி அது என்ன முடிவு சொன்னாலும், பொறுப்பான ஒரு மனுசன் அதப் படிச்சுப் பாத்து, தப்புன்னா மாத்தோணும். அந்த மனுசன் யாருன்னு தொழிலாளிகளுக்குத் தெரியோணும். இல்லீன்னா அடுத்த ஆர்டர் இல்ல. பதினொரு நாளு டைம்.

மாப்பிள்ளை என்னக் கூப்புட்டாரு. "நாச்சிமுத்து, மனுசன் ஒருத்தன் வேணுமாம்"னாரு.

"எத்தன மணிக்கு வேணுங்க?"ன்னு கேட்டேன்.

சிரிச்சாரு. "நீங்கதான் அந்த மனுசன்"னாரு.

கமிட்டியெல்லாம் எனக்கு ஒரு பெரிய சமாச்சாரமாங்க? எங்க கம்பெனியில ஏற்கெனவே பதினோரு கமிட்டி. பதினொண்ணுக்கும் அதே ஏழு பேரு. பன்னண்டாவதா இதையும் சேத்தாச்சு. கூட்டம் நடந்ததுக்குத் தீர்மான நோட்டு வேணும். கேண்டீன் கமிட்டி தீர்மானம் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. உணவுன்னு வர்ற எடத்துல எல்லாம் ஏ.ஐ.ன்னு மாத்தி பிரிண்ட் எடுத்துட்டேன். "தொழிலாளர்களுக்கு ஏ.ஐ. சூடாகவும் சுத்தமாகவும் உரிய நேரத்திலும் பரிமாறப்பட வேண்டும் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." ஏழு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லல. அவ்வளவு ஒத்துமை எங்களுக்குள்ள.

அப்புறம் போர்டு. கேட்டுக்குள்ள நொழைஞ்சதும் எதுத்தாப்புல, மூணடிக்கு ரெண்டடி. "உங்களைப் பற்றிய முடிவை ஒரு மனிதர் பார்க்கிறார்." அதுக்குக் கீழ என்ற போட்டோ. அக்கவுண்ட்ஸ் செல்வத்தோட டைய வாங்கிக் கட்டி எடுத்தது. சொல்றதுக்கென்ன தம்பி, பெருமையாத்தான் இருந்துச்சு. என்ற கல்யாண போட்டோவக் கூட அந்த சைசுக்கு யாரும் மாட்டுனதில்ல. காலையில உள்ள போறப்ப ஒருக்கா பாப்பேன். சாயங்காலம் போறப்ப ஒருக்கா.

மொத வாரம் நெசமாவே படிச்சேனுங்க. இதை யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. அறுவது பேரு லிஸ்ட்டுல. காலம்பற உக்காந்தவன், மத்தியானச் சோத்துக்குள்ள மூணு பேரத்தான் பாக்க முடிஞ்சுது. ஒருத்தன் அயர்னிங்காரன். அடிக்கடி எடத்த விட்டு எந்திரிச்சுப் போறான், தாட்டிருங்கன்னு போட்டிருந்துச்சு. போயிப் பாத்தா, தண்ணி குடிக்கப் போயிருக்கான். வைகாசி வெயிலு, பக்கத்துல இஸ்திரிப் பொட்டி. போகாம என்ன பண்ணுவான்? "ஒத்துக்கொள்ளவில்லை. வெயில்"னு எழுதுனேன். அவன் இன்னிக்கும் அங்கதான் தேய்ச்சுட்டிருக்கான்.

மாப்பிள்ளை கூப்புட்டாரு. "ஏனுங்க, ஒரு நாளைக்கு மூணு பேருன்னா எப்பிடி? நடுவுல மனுசங்க பூந்து மாத்துனா அதுக்குக் கொழப்பம் வந்துரும்ங்கறாங்க சாஃப்ட்வேர்க்காரங்க. படிக்கறதுக்கா உங்கள வச்சிருக்குது?"

நாயந்தானுங்களே. அப்பத்தான் எனக்குக் கக்கூஸ் தாளு நெனப்பு வந்துச்சு.

ஒரு ஆளுக்கு ஒரு தாளு. மேல்பாதி காலி. கீழ, "இம்முடிவைப் படித்தேன், ஒத்துக்கொள்கிறேன்"னு அச்சு. ஒத்துக்கொள்ளவில்லைன்னு இன்னொரு கட்டம் இருந்துச்சு. ரெண்டு கட்டம் இருந்தா எதுல டிக் போடறதுன்னு யோசிக்கோணுமே, அத நாந்தான் எடுத்துட்டேன். கையெழுத்துக்குப் பக்கத்துல ஒரு ரப்பர் ஸ்டாம்பு, "மனிதரால் பரிசீலிக்கப்பட்டது"ன்னு, ஊதா மையி. ரெண்டு நாளு ஒக்காந்தேன். ஆயிரத்து முன்னூறு தாளு. கையி வீங்கிப் போச்சு, வீட்ல வெந்நி ஒத்தடம் குடுத்தாங்க. ஆனா ஒரு வேலைய எடுத்தா முடிக்கோணுமுங்க. தீபாவளி வரைக்கும் பரிசீலிச்சு முடிச்சுட்டேன். சனிக்கெழம ஆனா அந்தத் தாள பிரிண்டர்ல வச்சா மேல்பாதியில பேரு, காரணம், முடிவு எல்லாம் தானா விழுந்துரும். எச்.ஆர். புள்ள எடுத்து ஃபைல் பண்ணிக்கும். எனக்கு லிஸ்ட்டு வந்ததா போனதான்னே தெரியாது. அவ்வளவு நைஸா ஓடுச்சு.

அப்புறம் மயிலாத்தா.

செக்கிங்ல பதினாறு வருசமா இருந்த புள்ள. புள்ளன்னா நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். தச்ச துணிய வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் புடிச்சு அப்பிடியே நிப்பா. கண்ணு மட்டும் ஓடும். ஊசி மொனை அளவு ஓட்டை இருந்தாலும் மயிலாத்தா கையத் தாண்டிப் போகாதும்பாங்க. கேமரா மேஸ்திரிக்குக் கண்ணு ஓடறது தெரியுமாங்க? அது கைய எண்ணறது. "கைகள் நின்ற நேரம் நாற்பத்தோரு சதவீதம். வேலையின்றி நிற்கிறார். நீக்கலாம்."

ஆனியில அவ தாளு வந்துச்சு. என்ற தாளுதான். என்ற கையெழுத்து, ஊதா ஸ்டாம்பு.

அவ வந்தா. சண்டைக்கு வரலைங்க. நான் சாப்புட்டுட்டு உள்ள வர்றேன், போர்டுக்குக் கீழ நின்னுட்டிருக்கா. போட்டோவப் பாத்தா, என்னப் பாத்தா.

"இதுல இருக்கறது நீங்கதானுங்ளே?"

"ஆமாம்மிணி."

"என்ற தாள நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்பப் பாத்தீங்க?"

ஃபைல எடுத்து விரிச்சுக் காட்டுனேன். இந்தா பாரு, கையெழுத்து, ஸ்டாம்பு, எல்லாம் முறையா இருக்குதுன்னேன்.

"கையெழுத்தக் கேக்கலீங்க. பாத்தீங்களான்னு கேட்டேன்"னா.

கமிட்டிக்கு எழுதிப் போடு, பரிசீலிக்கறோம்னேன். டிஃபன் பாக்ஸ எடுத்துட்டுப் போயிட்டா. சாயங்காலம் போறப்ப அந்தப் போட்டோவப் பாக்கல. அதுக்கு மறுநாளு பாத்தேன், அது வேற.

அவ நேரா லேபர் ஆபீசுக்குப் போயி மனு குடுத்துட்டா. தாங் கைப்பட நாலே வரி. காப்பி எங்களுக்கு வந்துச்சு. "பதினாறு வருசம் துணியைப் பார்த்தேன். என்னை வேலையை விட்டு நிறுத்தும்போது என்னை யாரும் பார்க்கவில்லை. பார்த்ததாகப் போர்டு வைத்திருக்கிறார்கள். விசாரிக்கவும்." அவ்வளவுதான். ஒரு சட்டம் இல்ல, ஒரு செக்‌ஷன் இல்ல. இப்பிடி எழுதுனா யாரு மதிப்பாங்கன்னு நெனச்சேன். கம்பெனி சார்பா நாந்தான் பதில் எழுதுனேன், "பொறுப்பான மனிதர் ஒருவரால் முறையாகப் படித்துப் பரிசீலிக்கப்பட்டது"ன்னு. அந்த மனுசன் நாந்தான்னு கீழ நானே கையெழுத்தும் போட்டேன்.

ஆடியில ஆடிட்டு. பெங்களூர்ல இருந்து ஒரு அம்மா. பாருங்க தம்பி, என்ற பதினாலு வருச சர்வீஸ்ல அப்பிடி ஒரு ஆடிட்டு நடந்ததில்ல. தொழிலாளிகளுக்கு மூணு பதில் சொல்லிக் குடுத்து வச்சிருந்தேன். ஏ.ஐ.ன்னா பயமா இருக்குதாம்மான்னு கேட்டா, இல்லீங்க, நல்லாருக்குதுங்க. தப்பா முடிவு வந்தா யாருகிட்டச் சொல்வீங்கன்னு கேட்டா, போட்டோவக் கையக் காட்டோணும். மூணாவது, கேண்டீன் சாப்பாடு நல்லாருக்குதுங்க. அது எல்லா ஆடிட்டுக்கும் உண்டு. தீர்மான நோட்ட அந்தம்மா பக்கம் பக்கமாத் திருப்புனாங்க. தமிழு தெரியாது. ஏழு கையெழுத்தையும் எண்ணிப் பாத்தாங்க, சரியா இருந்துச்சு. ஊதா ஸ்டாம்பப் பாத்துட்டு மொகம் மலர்ந்து போச்சு. இந்தியாவுலயே இவ்வளவு சுத்தமா மனுச மேற்பார்வைய நான் பாத்ததில்லைன்னாங்க. எனக்குக் கை குடுத்தாங்க. முன்மாதிரி நிறுவனம்னு சர்டிபிகேட் வந்துச்சு. அதே வாரம் ஷிப்மெண்ட் ஒண்ணு, ஓட்டை ஓட்டையா இருக்குதுன்னு திரும்பி வந்துச்சு. செக்கிங்ல எல்லாம் கைய வேகமா ஆட்டறாங்களே தவிர ஒருத்தரும் துணியப் பாக்கறதில்லையாம். அது புரொடக்‌ஷன்காரங்க பாடு. எனக்கும் அதுக்கும் என்னங்க இருக்குது?

சர்டிபிகேட் வந்த குஷியில மாப்பிள்ளை என்ன பண்ணுனாரு? கேமரா மேஸ்திரிய ஆபீசுக்குள்ளயும் வுட்டுட்டாரு.

ஆவணி மொத சனிக்கெழம. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். எச்.ஆர். புள்ள மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வருது. கையில ஒரு தாளு. "சார், இதுல... நீங்களே பாத்துக்குங்க"ன்னு மேசையில வச்சுட்டுப் போயிருச்சு.

அன்னிக்குத்தானுங்க நான் மேல்பாதியப் படிச்சேன். "பெயர் நாச்சிமுத்து. பரிசீலித்த முடிவுகள் ஐநூற்று நாற்பது. மாற்றியது ஒன்று. ஒரு முடிவுக்கு எடுத்துக்கொண்ட நேரம் பூஜ்யம். இவரை நீக்கினால் எந்த முடிவும் மாறப்போவதில்லை. நீக்கலாம்." கீழ்பாதி, "இம்முடிவைப் படித்தேன், ஒத்துக்கொள்கிறேன்." அதுக்குக் கீழ என்ற கையெழுத்து. பக்கத்துல ஊதா ஸ்டாம்பு.

பதினாலு வருசம்! மாப்பிள்ளை ரூமுக்கு ஓடுனேன். "ஒரு மனுசன் பாக்கோணும்னு கொள்கையே இருக்குதுங்களே! ஒரு கம்ப்யூட்டர் சொன்னா முடிஞ்சு போச்சா? என்னக் கூப்புட்டு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னு கத்துனேன்.

அவரு தாள வாங்கிப் பாத்தாரு. மேல பாக்கலைங்க. கீழ பாத்தாரு. "மனுசன் பாத்துத்தான் இருக்குது. ஒத்துக்கிட்டும் இருக்குது. இது உங்க கையெழுத்துத்தானுங்ளே?"ன்னாரு. மரியாதையாத்தான் கேட்டாரு. அதுதான் ஆத்தரமா வந்துச்சு.

அதைக் கூட வுடுங்க. போன வாரம் அந்தப் பக்கமாப் போனேன். அந்தப் போட்டோவ இன்னும் கழட்டல. நான் வீட்ல ஒக்காந்து சுவரப் பாத்துட்டிருக்கறேன், அங்க நான் டையக் கட்டிட்டு எல்லாத்தையும் பாத்துட்டிருக்கறேன். வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சேன், எனக்குப் பதிலா யாரப் போட்டிருக்காங்கன்னு. யாரையும் போடலையாம். எதுக்குப் போடறாங்க? தீபாவளி வரைக்கும் தாளு இருக்குதே. போன சனிக்கெழம கூட ஒம்பது பேரு போனாங்களாம். நாந்தான் தாட்டியிருக்கறேன்.

அதாந் தம்பி, லேபர் ஆபீசுக்குக் கெளம்பிட்டேன். இந்தாங்க, இதுதான் மனு. நாலு பக்கம். நான் எழுதுனதில்லீங்க. போன்லயே இருக்குதே ஏ.ஐ. "எனக்கு அக்குருமம் நடந்துபோச்சு, பதினாலு வருசம் உழைச்சவன், நல்லாக் காரமா எழுது"ன்னேன். ஒரு டம்ளர் காப்பி குடிக்கறதுக்குள்ள நாலு பக்கம் எழுதிருச்சு. செக்‌ஷன் நம்பரெல்லாம் போட்டு. மயிலாத்தா எழுதுன மாதிரி நாலு வரியில்ல. படிச்சுப் பாத்தீங்களாவா? பிரிண்ட் எடுத்து நாலு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டேன், அப்பறம் என்ன? தம்பி பிழை பாக்கறவிய, நேரமும் போகோணும், சும்மா ஒரு பார்வை பாருங்க.

தெக்கலூர் தாண்டிட்டானா? பரவால்ல, போயிறலாம்.

என்னுங்க, மூணாம் பக்கத்துலயே நின்னுட்டீங்க? எழுத்து ஏதாச்சும் விட்டுப் போச்சா? சத்தமாப் படிங்க, வண்டி எரைச்சல்ல கேக்கல.

"என்னிடம் வந்த ஒவ்வொரு முடிவையும் வரிவரியாகப் படித்து, மனசாட்சிப்படி பரிசீலித்த பின்னரே கையொப்பமிட்டேன் என்று உறுதி கூறுகிறேன்."

நல்லாத்தானுங்களே இருக்குது. கம்பீரமா இருக்குது.

என்னது? ஒவ்வொரு முடிவுன்னா... என்ற முடிவும் அதுல வருமா? அட ஆமாங்க. அப்பிடின்னா என்னத் தாட்டுனத நானே படிச்சு, நானே ஒத்துக்கிட்டேன்னு ஆகுது. எங்கைப்பட.

அடிச்சுரலாம்ங்கறீங்க. அடிச்சுப்போட்டு, படிக்கலைன்னு எழுதலாம். எழுதலாம். ஆனா அதே ஆபீசுக்குப் போன மாசந்தான் படிச்சேன்னு எழுதிக் குடுத்திருக்கறேன். மயிலாத்தா கேசுல. நான் படிக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னா அவ கேசு அவ பக்கம் சாஞ்சுரும். சாயட்டும், அதுக்கென்ன. இன்னிக்கு அவ கேசும் அதே பதினொரு மணிக்குத்தானுங்க. வாசல்லதான் நிப்பா. ஒரு நாளு கூட அவ என்னைய வையல, தெரியுங்களா? மண்ண வாரித் தூத்தியிருந்தாக் கூடப் பரவால்ல. பாத்தீங்களான்னு ஒரு வார்த்தைதான் கேட்டா. அவ மூஞ்சிக்கு நேரா நின்னு, இல்லம்மிணி, பாக்கலைன்னு எப்பிடிங்க சொல்றது? ஒரு மனுசன் சொல்ற பேச்சா அது?

சொல்லாம வுட்டா வேலை போச்சு. தீபாவளி வரைக்கும் வாரத்துக்கு ஒம்பது பேரத் தாட்டிட்டே இருப்பேன்.

அதா, கருமத்தம்பட்டி வந்துருச்சு. தம்பி பேனா வச்சிருப்பீங்களே? ஒண்ணு பண்ணுங்க. நீங்களே அந்த வரிய அடிச்சுப்போட்டு, எது சரியோ அத எழுதிருங்க. எதுன்னாலும் சரி. எங்கிட்டப் படிச்செல்லாம் காட்ட வேண்டாம். கையெழுத்துத்தான் ஏற்கெனவே போட்டாச்சே.